"ஒன்று பை எட்டு" முதல் "எட்டில் ஒன்று" வரை: ஸ்மார்ட் போர்டு வந்த ஓர் ஆறாம் வகுப்பின் பருவம்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் மல்லிகை விளையும் ஊர்ப்பக்கம் உள்ள ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில், 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஆறு முதல் எட்டு வரை அங்கே கணக்கு எடுப்பது நான்தான். ஆறாம் வகுப்பில் 24 பிள்ளைகள். பாடம், மூன்றாம் பருவத்தில் வரும் பின்னங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் பெயர் இல்லாமலே இதில் வருகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் கடந்து வந்த ஆண்டுகளைச் சொல்லாமல் மற்றது விளங்காது. 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டில், மூன்றாம் வகுப்பிலும் பல மாதம் வீட்டில். அடிப்படை எழுத்தையும் கணக்கையும் பழக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது அது முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான். இவர்கள் அதற்குள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இடையில் பலருக்குக் கைகொடுத்தது தன்னார்வலர்களை வைத்துச் சாயங்காலம் நடந்த இல்லம் தேடிக் கல்வி மையம். தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி மூடியிருந்தபோது விட்டுப்போன கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மையங்களால் வந்தது என்றும் அது சொல்கிறது. மீளாத மூன்றில் ஒரு பங்கு, எங்கள் ஊரில் என் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அரையாண்டு விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. இணைய இணைப்பும் கிடைத்தது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. பின்னத்தைக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கி, வட்டம் கோணலாகி, அதைச் சமமாகப் பிரிக்க முடியாமல் பல வருடம் தடுமாறியிருக்கிறேன்.

முதலில் போட்ட திட்டம்

பயிற்சி ஒன்றில் கேட்டுவிட்டு வந்த "தலைகீழ் வகுப்பறை" முறையை இந்தப் பாடத்தில் செய்து பார்க்க முடிவெடுத்தேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் மலையூர்ப் பள்ளி ஒன்றில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் தங்கள் பாடங்களை வீடியோவாக எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். விளக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட வேண்டும். வகுப்பு நேரம் முழுவதும் கணக்குப் போடவும் சந்தேகம் கேட்கவும் இருக்க வேண்டும். இதுதான் முறை. ஆசிரியர் அருகில் இருக்கவேண்டியது பிள்ளை தடுமாறும் நேரத்தில்தானே, அதனால் யோசனை எனக்குச் சரியாகவே பட்டது. இப்போதும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

நம் பாடநூலிலேயே 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது. அந்த வீடியோக்களையும், நானே தேடி எடுத்த சிலவற்றையும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ராத்திரி பார்த்துட்டு வாங்க, நாளைக்குக் கணக்குப் போடுவோம்" என்று சொல்லி அனுப்பினேன்.

பார்த்தது

முதல் வாரத்தில் வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டாம் வாரத்தில் ஏழு. பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள். பார்க்காதவர்களுக்கு வகுப்பில் மறுபடி விளக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மற்றவர்கள் சும்மா இருந்தார்கள், அல்லது அடுத்த கணக்குக்குப் போனார்கள். ஒரே அறையில் இருந்த இடைவெளியை நானே அகலப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "போனு அவுக அப்பாகிட்ட இருக்கு டீச்சர். விடியக்காலம் பூவ எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனாகன்னா எப்ப வருவாகன்னு தெரியாது. வந்தாலும் சார்ஜு இருக்காது" என்றார். அவர் சொன்னதைக் கேட்டபோது, இதை நான் முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வாட்ஸ்அப் குழுவில் எல்லா எண்களும் இருக்கின்றன என்பதை வைத்து, எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

சரி, வீட்டில் முடியவில்லை என்றால் வகுப்பிலேயே காட்டலாம் என்று மூன்றாம் வாரம் வீடியோவை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கோரஸாகப் பதில் வந்தது, அதுவும் சரியான பதில். எட்டிப் பார்த்த ஹெச்.எம். டீச்சர்கூட, "பரவாயில்லையே டீச்சர், எல்லாம் கப்சிப்னு கவனிக்குதுங்க" என்றார்.

அந்த வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். ஒரே கேள்வி: 1/4, 1/8, எது பெரிது? ஏன்?

காரணத்தோடு சரியாக எழுதியவர்கள் 24 பேரில் ஐந்து பேர். பெரும்பாலோர் 1/8 பெரிது என்று எழுதியிருந்தார்கள். காரணம்: "8 பெரியது". அதே பிள்ளைகள்தான் அரை மணி நேரம் முன்பு கோரஸில் சரியாகச் சொன்னார்கள். கோரஸில் நாலு குரல் முந்தும், மற்றவை அதைப் பிடித்துக்கொள்ளும். பல வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே கற்பித்திருக்கிறேன் என்பது அந்தத் துண்டுத் தாள்களைத் திருத்தும்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் அந்த வாரம் தெரிந்தது. பூ வியாபாரி வீட்டுப் பையன் ஒருவன். 1/4 + 1/2 என்று தாளில் கேட்டால் 2/6 என்று எழுதினான். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டான். இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, "கால் கிலோ மல்லியும் அரை கிலோ மல்லியும் ஒரே பையில போட்டா எவ்வளவு?" என்றேன். "முக்கால் கிலோ டீச்சர்" என்றான். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தாளைக் காட்டி, "அப்ப இது?" என்றேன். "அது கணக்கு டீச்சர்" என்றான்.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருவில் இளநீர், பழம் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் நடத்தி 1985இல் வெளியான ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளை எண்ணாக எழுதிக் கொடுத்தபோது சரியாக வந்தது நூற்றுக்கு 37தான். பி.எட். படித்தபோது தேர்வுக்காக எழுதிவிட்டு மறந்த விஷயம், என் முன்னால் நின்று "அது கணக்கு டீச்சர்" என்றது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

ஹெச்.எம். டீச்சரிடம் துண்டுத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் செயல்வழிக் கற்றல் காலத்தில் தொடக்கப்பள்ளியில் இருந்தவர். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் போன முறை அது. ஏணிப்படி அட்டவணை, அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தான் ஏறும். அவர் தாள்களைப் பார்த்துவிட்டு, "போர்டு கெடக்கட்டும் டீச்சர். எந்தப் பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு மொதல்ல பாருங்க" என்றார்.

அதைத்தான் முதலில் செய்தேன். ஒரு வாரம் மதிய இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசினேன். கணக்கைப் போடச் சொல்லவில்லை, எப்படி யோசிக்கிறாய் என்று சொல்லச் சொன்னேன். கிடைத்த படம் இது: ஏழு பேருக்குப் பின்னம் இரண்டாவது பிரச்சினை, கடன் வாங்கிக் கழிப்பதும் வாய்ப்பாடும் இன்னும் கைவரவில்லை. பதினோரு பேர் பின்னத்தை மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு என்று பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே அளவு என்பது அவர்களுக்குப் படவில்லை. ஆறு பேர் பாடத்துக்குத் தயார். நான் மூன்று வாரமாகப் பாடம் நடத்தியது இந்த ஆறு பேருக்கு.

வகுப்பைப் பாடநூல் இருக்கும் இடத்தில் வைக்காமல் பிள்ளை இருக்கும் இடத்தில் வைக்கத் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெல்லியில் 2015இல் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில், குலுக்கலில் தேர்ந்த பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகு நாலரை மாதம் போல மையத்துக்கு வந்தார்கள். நாளுக்கு 90 நிமிடம்; பாதி கணினி, பாதி சிறு குழுவாக ஆசிரியரோடு. கணக்கில் நல்ல முன்னேற்றம் கிடைத்தது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. மென்பொருள் ஆறாம் வகுப்புப் பாடத்தைக் கொடுக்காமல் அந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கொடுத்தது. இதற்கு எதிர்ப்பக்கம் பெரு நாடு. அங்கே பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்து, 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. கருவி இரண்டு இடத்திலும் இருந்தது. என்னிடம் மைண்ட்ஸ்பார்க் இல்லை, 24 கணினியும் இல்லை. ஆனால் பிள்ளை நிற்கும் இடத்தை அறிவதற்குத் துண்டுத் தாள் போதும்.

ஆகவே வீட்டு வீடியோவை நிறுத்தினேன். வாரத்தில் நான்கு கணக்குப் பாடவேளையை மூன்று குழுவாகப் பிரித்து நடத்துவது, ஒரு பாடவேளை எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு வியாழனும் துண்டுத் தாள். கோரஸ் பதில் கூடாது. கேள்வி கேட்டால் எல்லாரும் சிலேட்டில் எழுதி, நான் கைதட்டியதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பு அலமாரியில் தூசி படிந்து கிடந்த சிலேட்டுகள். ஒரே பார்வையில் 24 பிள்ளைகளின் மனதையும் காட்டிய கருவி அந்த வருடம் அதுதான்.

"பாடத்தை முடிக்காம விட்றாதீங்க டீச்சர்" என்ற நிபந்தனையோடு ஹெச்.எம். டீச்சர் சம்மதித்தார்.

"பை" என்ற சொல்

நடுக்குழுவின் பதினோரு பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம் இங்கேதான்.

காகித நாடாவை மடித்துக்கொண்டிருந்தோம். பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி. ஒரு பெண் கையில் எட்டாக மடிந்த நாடா. "இதுல ஒண்ணு எவ்வளவு?" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "எங்க அப்பாயி அரைக்கால்னு சொல்லும் டீச்சர்" என்றாள். "அப்டின்னா?" "கால்ல பாதி."

கால், அரை, முக்கால் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அரைக்கால் இப்போது புழக்கத்தில் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் தான் எப்படி உண்டானது என்பதைத் தானே சொல்கிறது. காலில் அரை. அது காலைவிடப் பெரிதாக இருக்க வழியே இல்லை. அவள் சொன்னதும் பக்கத்தில் இருந்த மூன்று பிள்ளைகள் தங்கள் நாடாவைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன். அதில் 1/8 என்பதை, நடுக்கோட்டுக்கு ஆங்கில "by"யைப் போட்டு, "ஒன்று பை எட்டு" என்று வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசித்துவந்தேன், அநேகமாக எல்லாக் கணக்கு ஆசிரியர்களும் அப்படித்தான். ஒன்று, பை, எட்டு: காதில் விழுவது இரண்டு தனி எண்களும் ஒரு கோடும். பிள்ளைகள் பார்த்ததும் அதுதானே! தமிழில் முறையாக வாசித்தால் "எட்டில் ஒன்று". எட்டாகப் பிரித்தது முதலில் வருகிறது, எடுத்துக்கொண்டது பிறகு வருகிறது. செய்த வேலை அதே வரிசையில் சொல்லில் இருக்கிறது.

மறுநாள் முதல் வகுப்பில் "பை" கிடையாது என்று வைத்துக்கொண்டோம். நான்தான் அதிகம் தவறினேன், பிள்ளைகள் பிடித்துக்கொடுத்தார்கள். நான்கில் மூன்று, எட்டில் ஒன்று. இரண்டையும் கூட்ட வேண்டுமென்றால் நான்கில் மூன்றை எட்டில் எவ்வளவு என்று மாற்ற வேண்டும். நாடாவை இன்னொரு முறை மடித்தால் எட்டில் ஆறு. ஆறும் ஒன்றும் ஏழு, எட்டில் ஏழு. கீழே உள்ள எட்டை ஏன் கூட்டக்கூடாது என்று ஒரு பிள்ளை கேட்டதற்குப் பூ வியாபாரி வீட்டுப் பையன் பதில் சொன்னான்: "ஆறு அரைக்காலும் ஒரு அரைக்காலும் ஏழு அரைக்கால்டா. அரைக்காலு எப்பிடி மாறும்?"

ஸ்மார்ட் போர்டு என்ன ஆனது

மூடி வைக்கவில்லை, அதன் வேலையை மாற்றினோம். வீடியோவுக்குப் பதில் எண்கோடு. 0க்கும் 1க்கும் இடையில் 1/8ஐயும் 1/4ஐயும் பிள்ளைகளே விரலால் இழுத்து வைக்க வேண்டும். சரியாக வைக்கும்வரை மற்றவர்கள் சிலேட்டில் குறித்துக் காட்டுவார்கள். இன்னொரு பயன், வியாழக்கிழமைத் தாளில் ஒரு தவறான விடையைப் பெயரில்லாமல் படமெடுத்துப் போர்டில் போடுவது. "இதை எழுதின பிள்ளை என்ன நினைச்சு எழுதியிருக்கும்?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு வந்த விவாதங்கள் நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் போயின.

சிக்கல்களும் வந்தன. கழித்தலில் நின்ற ஏழு பேர் குழுவில் சேர்த்த ஒரு பையன் முதல் நாளே, "நா அங்க உக்கார மாட்டேன் டீச்சர், அது மக்குப் பிள்ளைக பெஞ்சு" என்றான். குழுவுக்குப் பூப் பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு மாற்றம் செய்தேன். ஒவ்வொரு திங்களும் துண்டுத் தாளைப் பார்த்துக் குழு மாறும். அப்புறம், ஸ்மார்ட் போர்டு தினமும் முதலில் அந்தக் குழுவுக்கு. பத்துப் பத்தாகப் பிரித்துக் கழிப்பதைப் போர்டில் குச்சிகளை இழுத்துச் செய்வார்கள். எல்லாருக்கும் ஆசையான பொருள் அவர்கள் கைக்கு முதலில் போனதும் அந்தப் பெஞ்சின் பெயர் மாறிவிட்டது. அந்தப் பையன் இரண்டாம் வாரம் தானாகப் போய் உட்கார்ந்தான்.

மார்ச்சில் மல்லிகைச் சீசன் தொடங்கியது. விடிவதற்கு முன் பூப் பறித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் பாடவேளைக்கு வருவதில்லை, வந்தாலும் கண் சொக்கும். நேரத்தைப் பற்றி பேசிப் பயனில்லை. கணக்கை முதல் பாடவேளையிலிருந்து இடைவேளைக்குப் பிந்திய மூன்றாவதுக்கு மாற்றினோம். தமிழ் ஆசிரியை தன் பாடவேளையை விட்டுக்கொடுத்தார்.

விளைவு

ஏப்ரல் முதல் வாரம் பழைய கேள்வியை எண் மாற்றிக் கொடுத்தேன்: 1/3, 1/6, எது பெரிது, ஏன்? காரணத்தோடு சரியாக எழுதியவர்கள் 15 பேர். விடை சரி, காரணம் இல்லை அல்லது தப்பு: ஐந்து. இன்னும் தவறு: நான்கு. அந்த நான்கு பேரும் கழித்தல் குழுவில் தொடங்கியவர்கள். ஆனால் அவர்களில் மூன்று பேர் இப்போது கடன் வாங்கிக் கழிக்கிறார்கள். ஜனவரியில் அதுவும் இல்லை.

பருவத் தேர்வு மதிப்பெண்ணில் இது ஏறக்குறைய தெரியவே இல்லை. வகுப்புச் சராசரி கொஞ்சம்தான் நகர்ந்தது. தேர்வு கேட்பது ஆறாம் வகுப்புப் பாடத்தை. மூன்றாம் வகுப்புக் கழித்தலைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதில் மதிப்பெண் இல்லை. டெல்லி ஆய்விலும் கணக்கில் பள்ளித் தேர்வு மதிப்பெண் சொல்லும்படி உயரவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த ஒரு தந்தை, "கிளாஸ்ல என்னமோ புதுசா நடத்துறீங்கன்னு சொன்னான், மார்க் அப்படியேதான இருக்கு" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜனவரித் தாளையும் ஏப்ரல் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் நேரமெடுத்துப் பார்த்தார்.

எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குழு, சிலேட்டு, நாடா, "பை"யை விட்டது, போர்டு எல்லாம் ஒன்றாகவே நடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பும் இல்லை. வீடியோ மட்டும் ஓடிய மூன்று வாரத்தின் முடிவில் ஐந்து பேர் என்பது மட்டும் தாளில் இருக்கிறது.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், ஏழாம் வகுப்புக்கு வந்த அதே பிள்ளைகளுக்கு மறுபடி அதே மாதிரிக் கேள்வி. 15 பேர் 12 ஆகியிருந்தார்கள். விடுமுறை முழுவதும் பூப் பறித்த பிள்ளைகள் சிலர் அந்த மூவரில் உண்டு.

மாற்றப்போவது

பாடம் தொடங்கும் முன்பே ஐந்து நிமிடப் பேச்சை முடித்துவிட வேண்டும். ஜனவரியில் நான் இழந்த மூன்று வாரம் கழித்தல் குழுவுக்குக் கிடைத்திருந்தால் அந்த நான்கு பேர் எங்கே நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

வீட்டு வீடியோவை முழுவதும் கைவிடவில்லை. பள்ளி விட்டபின் அரை மணி நேரம் போர்டைத் திறந்துவைத்து, விரும்பும் பிள்ளைகள் அங்கேயே பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யலாம் என்று ஹெச்.எம். டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வரவேண்டும், அதுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தயாராக இருந்த ஆறு பேருக்கு இந்தப் பருவத்தில் நான் அதிகம் செய்யவில்லை. அவர்களே பாடநூலைப் படித்துக் கணக்குப் போட்டார்கள், நல்ல மதிப்பெண்ணும் எடுத்தார்கள், அதனால் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இந்த முறை முந்திரி, காணி, மா, வீசம் என்ற பழைய பின்ன அளவுகளை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். முந்திரி என்றால் 320இல் ஒன்று. அதை எண்கோட்டில் எங்கே வைப்பது என்று போர்டின் முன்னால் ஒரு பெண் நேற்று வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.